கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா? கணினிக்குக் கணினி தமிழ் கெடாமல் போய்ச் சேர ஒரு வழிகாட்டி

தட்டெழுதும்போது திரையில் ஒழுங்காக நின்ற தமிழ், இன்னொரு கணினியில் திறந்ததும் சிதைந்து கிடப்பதைப் பார்க்காத அலுவலகம் சென்னையில் இருக்காது. குடியிருப்போர் சங்கத்தின் சந்தாப் பட்டியல், கோயில் திருப்பணிக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்கள், பள்ளிச் சுற்றறிக்கை, பாரிமுனைக்கு அச்சுக்குப் போகும் திருமண அழைப்பிதழ் என்று எதுவும் இதற்குத் தப்புவதில்லை. உடனே எல்லோரும் செய்வது எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது. அதிலும் வழி பிறக்காவிட்டால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, முழுவதையும் மறுபடி தட்டெழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் கோப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. என்ன மாதிரிச் சிதைவு என்று அடையாளம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து, "தமிழில் அடிக்கத் தெரியும்தானே?" என்று கேட்டு ஒரு மூட்டைக் கோப்புகளைக் கையில் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கை வைக்காதீர்கள்

சிதைந்த கோப்பைத் திறந்ததும் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. 'சேவ்' பொத்தானை அழுத்தாதீர்கள். மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்பை நகலெடுத்து நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். நான் பார்த்தவரை, காப்பாற்றியிருக்கக்கூடிய கோப்புகள் பறிபோவது இந்த ஒரு அழுத்தலில்தான்.

அடுத்து, சிதைவை உற்றுப் பாருங்கள். நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும். எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் நிற்பது ஒரு வகை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வரும் கிறுக்கல் இன்னொரு வகை. சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளி, காற்புள்ளிகளும் கலந்து, ஆனால் சொல் சொல்லாகப் பிரிந்து நிற்கும் உளறல் மூன்றாவது. வரிசையாகக் கேள்விக்குறிகள் நான்காவது. முதல் மூன்றையும் மீட்டுவிடலாம். நான்காவது வகை கையை விட்டுப் போனது.

அடியில் என்ன இருக்கிறது

கோப்புக்குள் எழுத்தே கிடையாது. எண்கள்தான் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் ஒன்று; இதைத்தான் குறியீட்டு முறை என்பார்கள். அந்த எழுத்தைத் திரையில் வரைந்து காட்டும் எழுத்துரு இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பமெல்லாம்.

பழைய எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. தமிழில் எழுத்துகள் 247. ஆகவே எழுத்துருச் செய்தவர்கள் கொம்பு, கால், புள்ளி என்று எழுத்தைத் துண்டுகளாக்கி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் ஆளுக்கொரு வரிசையில் குடிவைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுத வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற விசைகளை அழுத்த வேண்டும். கோப்பில் சேர்வதும் அந்த ஐந்து குறிகள்தான். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில உளறலாகத் தெரியும். வானவில் அவ்வையார் என்ற இன்னொரு எழுத்துருவில் எழுதியதைப் பாமினியில் பார்த்தால் அதுவும் உளறல்தான்.

இந்தக் கூத்தை நிறுத்த 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசியவர்கள் உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம் புழங்கியது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்ற நோக்கத்தோடு 1991-இல் முதல் பதிப்பு கண்ட யூனிகோடு, கடைசியில் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. கூடவே டேஸ்16 என்ற முறையையும் அறிவித்தது. இன்று செல்பேசியிலும் இணையத்திலும் நீங்கள் பார்க்கும் தமிழ் கிட்டத்தட்ட முழுவதும் யூனிகோடுதான். 1999-இல் தரப்படுத்தியவற்றில் தமிழ்99 விசைப்பலகை மட்டும் நிலைத்துவிட்டது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைகளில் யுடிஎஃப்-8 என்பதுதான் எங்கும் செல்லுபடியாவது. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிரல் குறியீட்டு முறை கேட்டாலும் பதில் இதுதான்.

கிறுக்கலை நேராக்குவது

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (கோப்பில் இடத்தை அளக்கும் அலகு) எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றையும் தனித்தனி மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாக ஒரு நிரல் படித்துவிட்டால், ஒவ்வொரு குறிக்கும் முதல் பைட் சாய்கோட்டு 'ஏ' ஆகிவிடும். இரண்டாவது பைட் பல நேரம் வட்டத்து 'ஆர்' ஆகும். அதனால்தான் இந்த இரண்டும் ஓயாமல் வருகின்றன. இதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம், மகிழ்ச்சியடையுங்கள். உள்ளே நல்ல யூனிகோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆங்கிலக் கடிதங்களில் மேற்கோள்குறி இருந்த இடத்தில் தொப்பி வைத்த 'ஏ'யும் யூரோ குறியும் தலைகாட்டுவதும் இதே நோய்தான்.

இது அதிகம் நேர்வது எக்செலில். இணையப் படிவத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) இருமுறை சொடுக்கித் திறப்போம், கிறுக்கல் வரும். அப்படித் திறக்காதீர்கள்.

1. எக்செலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறங்கள்.
2. 'டேட்டா' பகுதிக்குப் போய், 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதைச் சொடுக்கி, கோப்பைக் காட்டுங்கள்.
3. வரும் சாளரத்தில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற பட்டியலைத் திறந்து, 65001 என்ற எண்ணோடு இருக்கும் யுடிஎஃப்-8 வரியைத் தேர்ந்தெடுங்கள். கீழே முன்னோட்டத்திலேயே தமிழ் தெரிந்துவிடும்.
4. 'லோட்' கொடுங்கள்.

திருப்பி அனுப்பும்போது, 'சேவ் ஆஸ்' பட்டியலில் வெறும் சிஎஸ்வியை விட்டுவிட்டு 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் பட்டியலில் தள்ளித் தள்ளி இருக்கும். அவசரத்தில் கண் தவறானதில் விழும்.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு இலவசமான லிப்ரெ ஆபிஸ் மேல். சிஎஸ்வியைத் திறக்கும்போதே எந்தக் குறியீட்டு முறை என்று கேட்டு, முன்னோட்டமும் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. எக்செல் கேட்காமலே ஊகிக்கிறது, ஊகித்தது தவறினாலும் சொல்வதில்லை.

நோட்பேட் கோப்பானால், 'சேவ் ஆஸ்' சாளரத்தின் அடியில் 'என்கோடிங்' என்ற பட்டியல் இருக்கும். விண்டோஸ் 10-இன் 2019 பதிப்பிலிருந்து அங்கே யுடிஎஃப்-8 தானாகவே நிற்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் 'ஏஎன்எஸ்ஐ' என்ற பழைய முறை நிற்கும். அப்படியே சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். இணையப் பக்கமே கிறுக்கலாகத் தெரிந்தால், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 'வியூ' பட்டியலில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' என்று ஒரு வரி உண்டு. அதைச் சொடுக்கிப் பாருங்கள்.

கட்டமும் கேள்விக்குறியும்

கட்டம் என்றால் எண் சரியாக இருக்கிறது, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் 2000 முதல் லதா என்ற எழுத்துருவும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ-யும் கணினியோடு கூடவே வருவதால் இது இப்போது அரிது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துரு ஒன்றை நிறுவினால் சரியாகிவிடும். நல்ல எழுத்துரு போட்டும் கட்டம் போகவில்லை என்றால், அரசு சார்ந்த இடத்திலிருந்து வந்த டேஸ்16 கோப்பாக இருக்கலாம். அதற்கு மாற்றி, அதாவது ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் நிரல், தேவை. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் தளத்தில் எழுத்துருக்களையும் மாற்றிகளையும் இலவசமாகத் தருகிறது.

கேள்விக்குறி என்றால், தமிழுக்கு இடமில்லாத முறையில் யாரோ சேமித்துவிட்டார்கள். எண்ணே போய்விட்டது. எந்த மாற்றியாலும் திரும்பி வராது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பை மறுபடி கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

பாமினி, வானவில், இன்ன பிற

நேரம் விழுங்குவது இந்த வகைதான். பத்து, இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கின்றன. அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் நெடுங்காலம் புழங்கியது, டி.டி.பி. மையங்களில் பாமினியோ வேறொன்றோ இருக்கும். இவற்றை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற நிரல்களும், இணையத்தில் பல மாற்றிகளும் உள்ளன. ஒட்டினால் மாற்றிக் கொடுத்துவிடும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

முதல் படி, எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது. வேர்டு கோப்பாக இருந்தால் உளறலைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே இருக்கும். மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பியிருந்தால் பெயர் போயிருக்கும்; அப்போது ஒரு வரியை எடுத்து மாற்றியில் ஒவ்வொரு குறியீட்டு முறையாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். பெயரைக் கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. "நம் கடையில் எப்போதும் போடும் ஃபான்ட்தான் சார்" என்று பதில் வரும்.

இரண்டாவது படி, ஆங்கிலப் பகுதிகளைத் தனியே பிரிப்பது. மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. பாமினியில் காற்புள்ளி விசையில் உட்கார்ந்திருப்பது 'இ'. எனவே கோப்பின் நடுவில் ஓர் ஆங்கில முகவரி இருந்தால், அதிலுள்ள காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகி, முகவரி முழுவதும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மின்னஞ்சல் முகவரிகளும் இணைய முகவரிகளும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. வேர்டில் தேடும் சாளரத்தைத் திறந்து, சொல் எதுவும் கொடுக்காமல் எழுத்துருவை மட்டும் பாமினி என்று கொடுத்துத் தேடினால், தமிழ்ப் பகுதிகள் மட்டும் தனியே அகப்படும். அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மூன்றாவது படி, மாற்றிய பிறகு சில இடங்களைக் குறிவைத்துத் தேடுவது. பழைய எழுத்துருக்களில் 'ஔ' என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது; 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுவார்கள். 'கௌ' என்பதும் அப்படியே. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மாற்றி என்ன செய்கிறது? கொம்பும் 'ள'வும் சேர்ந்து வந்தால் ஔகாரம் என்று முடிவு கட்டிவிடுகிறது. 'வெள்ளி' என்பது 'வௌ்ளி' ஆகிறது. 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகிறது. 'ஒளிபரப்பு' என்பது 'ஔிபரப்பு' ஆகிறது. காசிமேட்டில் விற்கும் கெளுத்தி மீன்கூட 'கௌுத்தி' ஆகிவிடும். இணையத்தில் 'வௌியீடு' என்று பார்த்திருப்பீர்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்க வேண்டாம், அது மாற்றி போட்ட பிழை. மாற்றிய கோப்பில் 'வௌ', 'தௌ', 'ஔ', 'கௌ' ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல மாற்றிகள் இதைக் கவனித்துச் செய்கின்றன. ஆனாலும் தேடிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

பழைய பிடிஎஃப் கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது, வேர்டு கோப்பு இல்லை என்றால், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதை விட எழுத்துணரியிடம் கொடுப்பது நல்லது. பிடிஎஃப் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்தைப் படித்துத் தமிழாகத் தரும். தெளிவான அச்சானால் பெரும்பகுதி சரியாக வரும். பெயர்களையும் எண்களையும் மட்டும் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இனிமேல் எழுதுவதை யூனிகோடில் எழுத

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி நிரல் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. அமைப்புகளில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய் மொழியைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேடும் இடத்தில் தமிழ் என்று கொடுத்து, இந்தியா என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும்போது 'விண்டோஸ் காட்சி மொழியாக வைக்கவா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையேல் மறுமுறை கணினியைத் திறக்கும்போது பட்டியல்கள் எல்லாம் தமிழில் வந்து, பக்கத்து இருக்கைக்காரர் உங்களைத் தேடி வருவார். பிறகு தமிழுக்குரிய விருப்பங்களைத் திறந்து, விசைப்பலகையாகத் தமிழ்99-ஐச் சேருங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் போதும்.

மேக்கில் விசைப்பலகை அமைப்புக்குள் உள்ளீட்டு மூலங்களில் தமிழைச் சேர்த்தால் அஞ்சல் (ஆங்கில ஒலிப்படி அடிக்கும் விசைப்பலகை), தமிழ்99 இரண்டும் கூடவே இருக்கும். உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவிவிட்டு, உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. பழைய விண்டோஸ் கணினியோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு என்எச்எம் ரைட்டர், அழகி, எ-கலப்பை ஆகியவை இருக்கின்றன.

எந்த விசைப்பலகை? ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறை முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் இரண்டு பக்கத்துக்கு மேல் அடிக்கப் போகிறவர் தமிழ்99 கற்றுக்கொள்வதுதான் லாபம். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரிந்திருக்கின்றன. நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் வந்துவிடும். ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு அழுத்தல்கள் போதும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இனவெழுத்துச் சேர்க்கைகளிலும் புள்ளியைத் தேடி விரல் போக வேண்டியதில்லை. தமிழில் புள்ளி எத்தனை முறை வருகிறது என்று இந்தப் பத்தியிலேயே எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஷிஃப்ட்டோடு மேல்வரிசையில் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவை வரிசையாக இருக்கின்றன. ஆய்த எழுத்து ஷிஃப்ட்டோடு புள்ளி விசையில் இருக்கிறது.

தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் முடித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடித்துப் பழக்கம். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது கணினியின் வேலை. கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நின்றால் வரிசை மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய விசைப் பழக்கத்தையே வைத்துக்கொண்டு யூனிகோடில் அடிக்க வேண்டும் என்றால், பழைய தட்டச்சு முறை என்எச்எம் ரைட்டரில் இருக்கிறது.

சிறப்புக் குறிகள்

முதலில் ₹. இந்தக் குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடில் இடம் கிடைத்தது. விண்டோஸில் 'இங்கிலீஷ் இந்தியா' விசைப்பலகையை வைத்துக்கொண்டு, வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் வரும். லினக்சிலும், ரூபாய்க் குறியோடு கூடிய இந்திய ஆங்கில விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் அதே அழுத்தல்தான். சில பழைய பில்களில் தொகைக்கு முன்னால் ஒரு சின்னச் சாய்கோடு மட்டும் நிற்பதைப் பார்த்திருக்கலாம். 2010-இல் அவசரத்துக்குப் புழக்கத்தில் விட்ட ஓர் எழுத்துரு, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையில் ரூபாய்க் குறியைக் குடிவைத்திருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் சாய்கோடு மட்டும் மிஞ்சும். பாமினிக் கதையேதான். அந்தப் பழைய மாதிரிப் படிவங்களை இன்னும் வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

பெரியமேட்டிலிருந்து தோல் அனுப்பும் அலுவலகத்தில் ஜெர்மன் வாடிக்கையாளர் பெயரையோ, புதுச்சேரி பிரெஞ்சுத் தெருப் பெயரையோ அடிக்க வேண்டி வரும். எண் பலகை உள்ள விசைப்பலகையானால், ஆல்ட் விசையை அழுத்தியபடி அந்தப் பலகையில் எண்ணை அடித்துவிட்டு விடுங்கள். 0233 என்றால் வலச்சாய்கோடு போட்ட 'இ', 0252 என்றால் இரட்டைப் புள்ளி 'யு', 0231 என்றால் வால் வைத்த 'சி', 0176 என்றால் ° குறி, 0189 என்றால் ½. மேல்வரிசை எண்களில் இது வேலை செய்யாது. எண் பலகை இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் குறிகளின் பெட்டி திறக்கும். மேக்கில் எழுத்து விசையை அழுத்திப் பிடித்தாலே வகைகள் மேலே வந்து நிற்கும், செல்பேசியிலும் அப்படியே. நாள் முழுவதும் இப்படிப் பெயர்கள் அடிப்பவர்கள் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் மேற்கோள்குறி அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். பழகும் வரை எரிச்சல்தான்.

அழைப்பிதழ் அடிப்பவர்களுக்கு நாள், மாதம், ஆண்டுக் குறிகள் வேண்டும். ௳, ௴, ௵ மூன்றும் யூனிகோடில் இருக்கின்றன. வேர்டில் பூஜ்யம், பி, எஃப், 5 என்று ஆங்கிலத்தில் அடித்து, உடனே ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்தினால் அது ௵ ஆகிவிடும். கடைசி எண் 4 என்றால் மாதம், 3 என்றால் நாள், 9 என்றால் பழைய தமிழ் ரூபாய்க் குறியான ௹. தமிழ் எண்களை அடிக்கும்போது '௧'க்குப் பதில் 'க'வையும் '௨'க்குப் பதில் 'உ'வையும் போட்டு ஒப்பேற்றாதீர்கள். அச்சில் தெரியாது, தேடும்போது தெரியும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

பட்டியலில் ஸ்ரீதர் இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரியும், தேடினால் இல்லை என்கிறது. 'ஸ்ரீ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஸ், ரீ என்று சேர்த்தாலும் வரும். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' எழுத்தோடு ரீ சேர்த்தாலும் அதே உருவம்தான் வரும். ஒரு விசைப்பலகை முதலாவதைப் போடும், இன்னொன்று இரண்டாவதைப் போடும். அலுவலகத்தில் ஒன்றை முடிவு செய்து, மற்றதைத் தேடி மாற்றிவிடுவதுதான் தீர்வு.

இதே சிக்கல் 'ஔ'விலும் உண்டு. ஔவை சண்முகம் சாலை என்ற முகவரியைப் பாதிப் பேர் தனி 'ஔ' போட்டு அடித்திருப்பார்கள், மீதிப் பேர் 'ஒ', 'ள' என்று அடித்திருப்பார்கள். மௌலிவாக்கமும் அப்படியே. ஒரே தெருவில் இருப்பவர்கள் அகரவரிசையில் இரண்டு மூலையில் கிடப்பார்கள்.

அனுப்பும்போது

படிப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப். திருத்த வேண்டும் என்றால் யூனிகோடில் அடித்த வேர்டு கோப்பு. பெயர்ப் பட்டியலானால் யுடிஎஃப்-8 சிஎஸ்வி. கணினித் துறையினர் யாரேனும் உங்களுக்காகப் படிவம் செய்து தருகிறார் என்றால், பெயருக்கு எத்தனை பைட் ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். 'திருவல்லிக்கேணி' என்பது கண்ணுக்கு 8 எழுத்து, கணினிக்கு 15 குறிகள், யுடிஎஃப்-8 கணக்கில் 45 பைட். முப்பது பைட் போதும் என்று நினைத்துச் செய்த படிவத்தில் ஊர்ப் பெயர் நடுவில் அறுந்துவிடும். குறுஞ்செய்தியிலும் இதே கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் 160 குறிகள் வரை ஒரே செய்தி, தமிழில் 70. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். மொத்தமாக ஆயிரம் பேருக்கு அனுப்பும் சங்கங்கள், வாசகத்தை முடிவு செய்யும் முன் இதைக் கணக்குப் போட்டால் பணம் மிச்சமாகும்.

அச்சகம் தனி உலகம். ஆண்டர்சன் தெருவில் அழைப்பிதழ் கொடுக்கப் போனால், சில இடங்களில் "தம்பி, பேஜ்மேக்கரில் யூனிகோடு விழாது" என்பார்கள். உண்மைதான். பக்கம் வடிவமைக்கும் நிரலான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு யூனிகோடு தெரியாது. அங்கே உங்கள் வாசகத்தை மறுபடி பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஓட்டுவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. மாற்றும்போது பிழை புகும் என்று எதிர்பார்த்து, மெய்ப்பை நீங்களே படியுங்கள். இன்டிசைன் என்ற வடிவமைப்பு நிரலில் வேலை செய்பவரானால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் பத்தி அமைப்புப் பட்டியலில் 'வேர்ல்ட்-ரெடி பாரகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், நேராகிவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இதை எழுத்து விருப்பங்களில் மாற்ற வேண்டும்.

மெய்ப்பில் முதலில் பார்க்க வேண்டியவை 'ஸ்ரீ', 'கொ', 'கோ', 'ஔ', ₹, ௵ ஆகியவையும் ஆங்கிலத்தில் இருக்கும் முகவரிகளும். திருத்தமெல்லாம் முடிந்த பிறகே எழுத்தைக் 'கர்வ்' ஆக்கச் சொல்லுங்கள். ஆக்கியபின் அது வெறும் படம். ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் மூலக் கோப்புக்குத் திரும்பத்தான் வேண்டும். அந்த மூலக் கோப்பையும் யூனிகோடு வாசகத்தையும் அச்சகத்திலேயே விட்டுவிடாமல், பணம் கட்டும்போதே பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.